நடைபாவாடை

ஜன்னல் பக்கம் நீங்களே உட்கார்ந்துகொள்ளுங்கள் அக்கா. பாப்பாவுக்கு எதிர்க்காற்று ஆகாது. பிறந்து நாலு மாதம்கூட முடியவில்லை, அதற்குள் இரண்டு தரம் நெஞ்சு கட்டிவிட்டது. நீங்கள் நர்ஸ்தானே? வாட்ச்சை மணிக்கட்டின் உள்பக்கம் திருப்பிக் கட்டியிருக்கிறீர்களே, அதை வைத்துத்தான் நினைத்தேன். பக்கத்தில் நர்ஸ் இருக்கிறார் என்றால் எனக்குக் கொஞ்சம் தைரியம். இவள் தூக்கத்தில் ஒரு மூச்சு தாமதித்து விட்டாலும் மூக்கருகில் விரலை வைத்துப் பார்ப்பேன்.

முன் சீட்டில் அந்த இரண்டு பேர் பேசுகிறார்களே, கேட்டீர்களா? "கரட்டுப்பேட்டையில ஒரு பொம்பள ஏரோப்ளேன ஏரியில கவுத்துட்டாளாமே." "தண்ணி இல்லாத ஏரிய்யா. தண்ணி இருந்திருந்தா நீச்சல் அடிச்சாவது கரையேறியிருப்பா." சிரிப்பைப் பாருங்கள். "தாலி அறுத்தவளுக்கு ஆகாசம் என்னத்துக்குங்கறேன்."

அந்தப் பொம்பளை என் நாத்தனார் அக்கா. என் வீட்டுக்காரருக்கு மூத்தவர். அபரஞ்சி என்று பேர், நான் அண்ணி என்று கூப்பிடுவேன். இந்த ஜில்லாவிலேயே ஏரோப்ளேன் ஓட்டிய முதல் பெண்பிள்ளை அவர்தான். மெதுவாகச் சொல்கிறேன், கண்டக்டர் காதில் விழ வேண்டாம். அவன் எங்கள் ஜவுளிக்கடை வாடிக்கைக்காரன். "ஆத்தூர்ல எங்க மாமனார் வந்து நிப்பாரு, அவர் கையில ஒப்படைச்சிடு. நடுவுல எங்கயும் எறங்க விடாதே" என்று என் வீட்டுக்காரர் இவனிடம் சொல்லித்தான் என்னை பஸ் ஏற்றினார். பிரசவம் முடிந்து புருஷன் வீட்டுக்கு வந்து ஒரு மாதம் ஆகவில்லை, மறுபடியும் பிறந்த வீட்டுக்கு அனுப்புகிறார்கள். இன்றைக்குத்தான் அனுப்ப வேண்டுமா? இன்றைக்குத்தான் அனுப்புகிறார்கள்.

ஏன் என்றால், இன்றைக்கு விசாரணை. மெட்ராஸிலிருந்து ஆபீசர் வருகிறார். ஆஸ்பத்திரியில் அண்ணியின் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுக் கேட்கப் போகிறாராம். தப்பு அண்ணியுடையது என்று அவர் எழுதிவிட்டால் லைசென்ஸ் போய்விடும். அப்புறம் அண்ணி தரையோடு சரி.

தப்பு அண்ணியுடையது இல்லை அக்கா. அது எனக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும். அதுதான் என் கஷ்டம்.

அண்ணிக்குப் பதினாறு வயதில் கல்யாணம். ஒரு வருஷத்தில் டைபாய்டு காய்ச்சலில் அவருடைய வீட்டுக்காரர் போய்விட்டார். என் மாமனாரை நீங்கள் பார்த்தால் பழைய காலத்து மனுஷர் என்றுதான் நினைப்பீர்கள், காதில் கடுக்கன், நெற்றி நிறைய விபூதி. ஆனால் மகளை மூலையில் உட்கார வைக்கவில்லை. மெட்ராஸில் ஹாஸ்டலில் சேர்த்து பி.ஏ. படிக்க வைத்தார். அங்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை சிநேகிதிகளோடு வேடிக்கை பார்க்கப் போன இடத்தில்தான் அந்தப் பறக்கும் கிளப். எல்லோரும் சோடா குடித்துவிட்டுத் திரும்பினார்கள், அண்ணி மட்டும் பேர் கொடுத்துவிட்டுத் திரும்பினார். வீட்டில் அத்தை பட்டினி கிடந்தார்கள். மாமா மட்டும், "வானத்துல என்ன, அவளப் பாத்து மூஞ்சியத் திருப்பிக்கறதுக்கு ஆளா இருக்குது? ஓட்டட்டும்" என்று சொல்லிவிட்டார்.

எனக்கு வளைகாப்பு நடந்தபோது அண்ணி வந்திருந்தார். வந்து என்ன, கூடத்துக்கு இறங்கக் கூடாதே. மாடி அறையில் உட்கார்ந்திருந்தார். எல்லோரும் சாப்பிடப் போனதும் நான் கை நிறைய வளையலோடு மாடி ஏறினேன். கோபமாக இருப்பார் என்று பயந்துகொண்டேதான் போனேன். "வா, வா, சத்தத்திலேயே தெரிஞ்சுது. மாட்டு வண்டி வருதுன்னு நினைச்சேன்" என்றார். அப்புறம் என்னைக் கட்டிலில் உட்கார வைத்து, எப்படி ஓட்டுவது, எப்படி இறங்குவது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்குப் பாதி புரியவில்லை. ஒன்று மட்டும் நன்றாகப் புரிந்தது.

ஏரோப்ளேன் எப்போதும் காற்றுக்கு முகம் கொடுத்துத்தான் இறங்க வேண்டுமாம். காற்று முதுகில் தள்ளினால் நிற்காதாம். அவர் ஓட்டும் அந்தச் சின்ன வண்டிக்கு பிரேக்கே கிடையாதாம். மேலே இருக்கிறவர்களுக்குக் காற்று எந்தப் பக்கம் என்று எப்படித் தெரியும்? கீழே வெள்ளைத் துணியை இங்கிலீஷ் 'டி' எழுத்து மாதிரி விரித்து வைத்திருப்பார்கள். நீளத் துணியின் மேலாகவே வந்து, குறுக்குத் துணியைப் பார்த்து இறங்க வேண்டும். அதுதான் வழி. இரண்டு துண்டை எடுத்துத் தரையில் அப்படியே விரித்துக் காட்டினார். "நீதான் ஏரோப்ளேன், கையை விரிச்சுக்கிட்டு வா பாக்கலாம்" என்றார். நான் நிறை வயிற்றைத் தூக்கிக்கொண்டு கையை விரித்து வந்தேன். சிரித்த சிரிப்பில் இரண்டு வளையல் உடைந்துபோயிற்று. "இத மட்டும் கண்ண மூடிட்டு நம்பலாம். மனுஷன் பொய் சொல்லுவான், துணி பொய் சொல்லாது" என்று அண்ணி சொன்னார்.

இரு கண்ணு, இரு. பசிக்கிறது இவளுக்கு. முந்தானையைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள் அக்கா. அந்த நாளிலிருந்து பாலும் சரியாக இல்லை எனக்கு. பயத்தில் வற்றும் என்கிறார்களே, நிஜமா?

மாமாவுக்கு ஓர் ஆசை. மகள் சொந்த ஊரில் வந்து இறங்க வேண்டும், ஊர் பார்க்க வேண்டும். ஆனி மாதம் ஏரி காய்ந்து பாளம் பாளமாகக் கிடக்கிறது, எவ்வளவு பெரிய ஏரி. கிளப்பில் அனுமதி வாங்கினார். முன்கூட்டியே தாமஸ் என்று ஒரு மெக்கானிக்கை அனுப்பினார்கள். அவர் வந்து மேடு பள்ளம் பார்த்து, ஏரிக்கு மேற்குக் கோடியில் தன்னுடைய 'டி'யை விரித்துவிட்டு அங்கேயே நின்றுகொண்டார். மேற்கேயிருந்து மேல்காற்று அடிக்கிற மாதம், ஆகையால் அவருடைய 'டி' மேற்கைப் பார்த்து இருந்தது. எல்லாம் சரியாகத்தான் செய்தார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

வீட்டில்தான் சண்டை. மகள் வந்து இறங்கியதும் ஆரத்தி எடுக்க வேண்டும் என்றார் மாமா. அத்தை ஒரே பிடிவாதம். "ஆரத்தி எடுத்து அவ நெத்தியில பொட்டு வைக்கறதா? ஏனுங்க, உங்களுக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா? ஊரு காறித் துப்பும்." மாமா எழுந்து திண்ணைக்குப் போய்விட்டார். ராத்திரி சாப்பிடவும் இல்லை. காலையில் எழுந்து காப்பி குடிக்கும்போது, ஏதோ வழக்கில் ஜெயித்தவர் மாதிரி சொன்னார், "சாமி வீதியுலா வந்தா ஆரத்தி மட்டுமா குடுக்கறோம்? நடைபாவாடை விரிக்கறோமில்ல? எம்மக அதுமேல நடந்து வரட்டும். அதுக்குப் பொட்டும் வேண்டாம், பூவும் வேண்டாம்."

அதற்கு அத்தை சம்மதித்துவிட்டார்கள். சாமி நடக்கிற வழியில் துணி விரிப்பது எங்கள் வீட்டு மண்டகப்படி, திருவிழாவில் எங்கள் பங்கு. கடையிலிருந்து புதுசாக வெள்ளை மல் துணி பீஸ் பீஸாக வந்தது. அகலமாக இருக்க வேண்டும் என்று பக்கவாட்டில் சேர்த்துத் தைத்தார்கள். ராத்திரி முழுக்க மாமா பக்கத்திலேயே உட்கார்ந்து கறை இருக்கிறதா என்று பார்த்தார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததே இல்லை.

அன்றைக்கு ஊரே ஏரியில்தான். கிழக்கே கரையை ஒட்டிப் பந்தல், பேண்டு வாத்தியம், மாலையோடு பெரிய மனுஷர்கள். பெண்பிள்ளைகளைக் கரை மேல் புளியமரத்து நிழலில் உட்காரச் சொல்லிவிட்டார்கள். நான் இவளை மடியில் போட்டுக்கொண்டு அத்தை பக்கத்தில். சத்தம் கேட்டது. முதலில் ஈ மாதிரி, அப்புறம் மில் மாதிரி. "வந்துட்டா, வந்துட்டா!" என்று கத்தல். மாமா கையை ஆட்டினார். முன்னாலேயே விரித்தால் புழுதி படியும் என்று அதுவரைக்கும் நடைபாவாடையைச் சுருட்டி வைத்திருந்தார். ஆட்கள் துணியை உருட்டிக்கொண்டே ஓடினார்கள். ஏரி நடுவிலிருந்து பந்தல் வரைக்கும் நீளமாக ஒன்று. பந்தலுக்கு முன்னால், பெரிய மனுஷர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பதற்காகக் குறுக்கே ஒன்று.

கரை மேலிருந்து பார்த்தேன் அக்கா. 'டி'.

நீங்களே யோசித்துப் பாருங்கள். தாமஸ் விரித்தது அழுக்குக் கித்தான், அந்தக் கோடியில் எங்கேயோ. இது புத்தம்புது மல், வெயிலில் கண்ணைப் பறிக்கிறது. அது மேற்கே பார்க்கிறது, இது கிழக்கே பந்தலைப் பார்க்கிறது. கீழே நிற்கிறவர்களுக்கு அது காலடியில் கிடக்கும் துணி, அவ்வளவுதான். தாமஸுக்கு அந்தக் கோடியிலிருந்து ஜனங்களின் தலைதான் தெரிந்திருக்கும். கரை மேல் இருந்த பெண்களுக்கு எழுத்தே தெரியாது.

"அத்தை, அந்தத் துணிய எடுக்கச் சொல்லுங்க" என்றேன்.

"என்னது?"

"அண்ணி தப்பா நினைச்சுக்குவாங்க. அதைப் பாத்து இறங்கிடுவாங்க."

"அதப் பாத்து எறங்கத்தானடி விரிச்சிருக்குது? சுபமா விரிச்ச துணிய வாரச் சொல்றா பாரு. குழந்தைக்கு வெயில் படுது, மூடு."

பக்கத்தில் ஒரு அம்மாள், "கான்வெண்ட்டுல படிச்சவளுக்கு நம்ம வழக்கம் என்னத்தக் கண்டுது" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரர் எங்கே என்று தேடினேன். கீழே பந்தலில், கையில் மாலைத் தட்டோடு. கூப்பிட்டேன். பேண்டு வாத்தியத்தில் என் குரல் எங்கே எடுபடும்? பேர் சொல்லிக் கூப்பிட முடியுமா, அத்தனை பேருக்கு நடுவில்? "என்னங்க, என்னங்க" என்றுதான் கூப்பிட்டேன். அங்கே இருக்கிற எத்தனையோ பேரில் யார் திரும்புவார்கள் 'என்னங்க' என்றால்?

கரை சரிவில் இறங்கி ஓடியிருக்கலாம். முள். கையில் இவள். யாரிடமாவது கொடுத்துவிட்டு ஓடியிருக்கலாம் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். எல்லோருக்கும் அப்படித்தான் தோன்றும், உட்கார்ந்து யோசித்தால். அண்ணி ஒரு சுற்றுச் சுற்றினார். கை காட்டினார், ஜனங்கள் ஆரவாரம். நான் அந்த நேரத்தில் மேரி மாதாவுக்கு, கான்வெண்ட்டில் சொல்லிக் கொடுத்த ஜெபத்தைச் சொன்னேன். எங்கள் வீட்டுச் சாமி பேர் ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

நேராக வந்தார் அக்கா. துணி மேல் கோணாமல் வந்தார். தரை தொட்டது. நிற்கவில்லை. முதுகில் மேல்காற்று தள்ளுகிறது, எப்படி நிற்கும்? பந்தலை நோக்கி ஓடி வருகிறது, குறுக்குத் துணியின் முன் ஓரத்தில் சின்னப் பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்திருந்தார்கள், கொடி ஆட்டுவதற்கு. அண்ணி வண்டியை ஒரேயடியாகத் திருப்பினார். ஒரு பக்கத்து இறக்கை தரையில் குத்தியது. அப்படியே புரண்டுவிட்டது.

ஒரு பிள்ளைக்குக்கூட நகம் பெயரவில்லை. அதை யாரும் பேசுவதில்லை.

அண்ணிக்கு இடுப்பெலும்பு, தோள்பட்டை முறிந்து நினைவும் தப்பிவிட்டது. தூக்கிப் போவதற்குக் கட்டிலா இருக்கிறது? அந்தத் துணியையே வாரி, மடித்து, நாலு பேர் பிடித்து, அதில் படுக்க வைத்துத் தூக்கிப் போனார்கள். மிச்சத்தை ஆட்கள் சுருட்டி எடுத்துவிட்டார்கள். தாமஸ் மூச்சிரைக்க ஓடி வந்து சேர்ந்தபோது ஏரியில் துணி என்று ஒன்று இல்லை. அவருடைய கித்தான் மட்டும் சரியாக, மேற்கே பார்த்துக் கிடந்தது. "எதிர்ப்பக்கமா எறங்கிட்டாங்களே, ஏன், ஏன்?" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

மிச்சத் துணி வெளுத்து வந்ததும் அதை அத்தை சதுரம் சதுரமாகக் கிழித்து இவளுக்குக் கொடுத்துவிட்டார்கள். ஜவுளிக்கடை வீடு, ஒன்றும் வீணாகாது. இதோ இவள் இடுப்பில் கட்டியிருப்பது அதுதான். மெத்தென்றுதான் இருக்கிறது, குறை சொல்லக் கூடாது.

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அன்று ராத்திரியே சொன்னேன். எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார். அப்புறம், "இத அப்பா காதுல போட்டா அவர் அப்புறம் உயிரோட இருக்க மாட்டார். உனக்கு அது வேணுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். வேறு என்ன சொல்வது? மாமாவைப் பார்த்தால் நீங்களும் வேண்டாம் என்றுதான் சொல்வீர்கள். நலம் விசாரிக்க வருகிறவர்களிடமெல்லாம், "மகளுக்கு எங்கயோ கை தவறிருச்சு. ஆனா பாத்தீங்கல்ல, கடேசி வரைக்கும் நடைபாவாடைய விட்டு எறங்காம வந்தா! அப்பன் மரியாதயத் தட்டல!" என்கிறார். சொல்லும்போது முகம் மலர்கிறது. வந்தவர்களும் தலையாட்டுகிறார்கள். நான் காப்பி கொண்டுபோய் வைத்துவிட்டு வருவேன். ஆபீசரிடம் மட்டும் அதையெல்லாம் பேச வேண்டாம், பட்டிக்காடு என்று நினைப்பார் என்று என் வீட்டுக்காரர் மாமாவுக்குச் சொல்லி வைத்திருக்கிறார்.

போன வாரம் என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். மற்றவர்கள் டாக்டரைப் பார்க்கப் போன சமயம், அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார். முகமெல்லாம் கண்ணாக இருந்தது. "நான் 'டி'யைப் பாத்துத்தான் இறங்கினேன். அந்தப் பக்கம் துணியே இல்லங்கறார் தாமஸ். நீ கரை மேலதானே இருந்தே? நீ என்ன பாத்தே?" என்று கேட்டார். கதவுப் பக்கம் என் வீட்டுக்காரர் செருப்புச் சத்தம் கேட்டது எனக்கு. "வெயிலும் புழுதியுமா இருந்துது அண்ணி. அவ்வளவு தூரம் ஓட்டிட்டு வந்த களைப்புல உங்களுக்கு அப்படித் தெரிஞ்சிருக்கும்" என்றேன். ஆறுதலாகத்தான் சொன்னேன். "இல்லாத துணி தெரிஞ்சுதா எனக்கு?" என்றார். "யாரும் உங்களைத் தப்பாப் பேசல அண்ணி, நீங்க கவலைப்படாதீங்க" என்றேன். கையை விட்டுவிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. மனசு சமாதானமாகித் தூங்கிவிட்டார் என்று நினைக்கிறேன்.

கான்வெண்ட்டில் மதர் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது ஒன்றுதான் அக்கா. கேட்காத இடத்தில் பேசாதே, கேட்டால் பொய் சொல்லாதே. ஆபீசர் வந்து நேருக்கு நேராக என்னைக் கேட்டால் நான் சொல்லிவிடுவேன். நிச்சயமாகச் சொல்லிவிடுவேன். அதனால்தானே பஸ் ஏற்றியிருக்கிறார்கள்! இதுவரைக்கும் யாராவது என்னை ஒரு வார்த்தை கேட்டார்களா? ஒருத்தரும் கேட்கவில்லை.

ஏன் மூட்டையைக் கையில் எடுக்கிறீர்கள்? இங்கேயா இறங்குகிறீர்கள்? இது மிஷன் ஆஸ்பத்திரி ஸ்டாப் அல்லவா.

இங்கேயா வேலை உங்களுக்கு? கேட்கவே இல்லை பாருங்கள், நானே பேசிக்கொண்டு வந்துவிட்டேன். அப்படியென்றால், அண்ணியை... உங்கள் வார்டா? அதனால்தான் நீங்கள் வாயே திறக்காமல் கேட்டுக்கொண்டு வந்தீர்களா?

என்ன சொல்கிறீர்கள்? கண் டாக்டரா? எதற்கு? அண்ணி தானாகவே கேட்டாரா, கண்ணைச் சோதித்துப் பார்க்கச் சொல்லி? மூன்று தரமா?

ஐயோ, அண்ணிக்குக் கண்ணில் ஒன்றுமே இல்லையே அக்கா. அவ்வளவு நல்ல கண்.

ஆபீசரிடம் அவரே சொல்லப் போகிறாராமா? இனிமேல் ஓட்ட மாட்டேன், என் கண்ணை எனக்கே நம்ப முடியவில்லை என்றா? அப்படியா சொன்னார்?

இல்லை அக்கா, குழந்தையை வாங்காதீர்கள். நான் எப்படி இறங்குவது? ஆத்தூர் வரைக்கும் டிக்கெட் வாங்கிக் கொடுத்திருக்கிறார். அப்பா அங்கே வெயிலில் நிற்பார். ஆஸ்பத்திரி உள்ளே என் வீட்டுக்காரர் இருப்பார், மாமா இருப்பார், மாமா முன்னால் நான் உட்கார்ந்துகூடப் பேசினதில்லை. இவளுக்கு வேறு மூச்சு ஒரு மாதிரி இருக்கிறது, தொட்டுப் பாருங்கள், சுடுகிறதா? சுடவில்லையா? கண்டக்டர் பார்க்கிறான். இல்லை கண்டக்டர், நான் இறங்கவில்லை, இவங்கதான்.

நீங்களும் ஒன்றும் சொல்லிவிட வேண்டாம் அக்கா. யார் சொன்னார்கள் என்று கேட்பார்கள். போங்கள், வண்டி எடுக்கப் போகிறான், பார்த்து இறங்குங்கள். அண்ணியைப் பார்த்தால், பாப்பா இப்போது ஆளைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள் என்று சொல்லுங்கள். அது மட்டும் சொல்லுங்கள்.